வீடு கர்க்லாண்டில், பிள்ளைப்பேறு கோட்-டெ-நேஜில்

மொன்றியலுக்கு முதலில் வந்து சேர்ந்த நம்மவர்கள் பலர் கோட்-டெ-நேஜிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் அப்பார்ட்மென்ட்களில்தான் குடியிருந்தார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வெஸ்ட் ஐலண்ட் பக்கம் நகர்ந்தார்கள். டொலார்ட், பியர்ஃபோன்ட்ஸ், கர்க்லாண்ட் என்று வீடுகள் வந்தன. அம்மாவும் மாமியும் பழகிய டொக்டரும் மட்டும் பழைய இடத்திலேயே இருந்துவிட்டார்கள். அதனால் கர்க்லாண்டில் ஒரு பெண் கர்ப்பமானதும் வீட்டில் எழும் முதற்கேள்வி இதுதான்: "எங்கட பக்கத்து ஆஸ்பத்திரி லேக்ஷோர். அங்க போகாமல் டவுன் பக்கம் போய்ப் பிள்ளை பெறலாமோ?"

பெறலாம். தனக்கு வேண்டிய டொக்டரையும் ஆஸ்பத்திரியையும் தேர்ந்தெடுப்பது கியூபெக்கில் சட்டம் தந்த உரிமை. அந்த ஆஸ்பத்திரியிடம் உள்ள இடமும் ஆள்பலமும் எவ்வளவோ அந்த எல்லைக்குள் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே "இப்போது புதிதாக யாரையும் எடுப்பதில்லை" என்ற பதில் வரக்கூடும். அந்தப் பதில் வராமலிருக்க வேண்டுமானால் முதல் மூன்று மாதத்துக்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பற்றிப் பலர் ஏழாம் எட்டாம் மாதத்தில் யோசிக்கிறார்கள். அப்போது செய்யக்கூடியது மிகக் குறைவு.

முதலில், ஏன் போகிறீர்கள்?

காரணத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மருத்துவக் காரணம் என்றால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. இரட்டைப் பிள்ளைகள், முன்பு குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, தாய்க்கு இருதய நோய், ஸ்கானில் தெரிந்த குறைபாடு போன்றவை இருந்தால், மிகச் சிறிய குழந்தைகளையும் பார்க்கக்கூடிய தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள இடம் வேண்டும். மொன்றியலில் அப்படிப்பட்ட இடங்கள் மூன்று. க்ளென் வளாகத்தில் சில்ரன்ஸ் ஆஸ்பத்திரியோடு சேர்ந்திருக்கும் ரோயல் விக்டோரியா, கோட்-சான்த்-கத்தரின் வீதியில் இருக்கும் ஜூயிஷ் ஜெனரல், அதே வீதியில் பிரெஞ்சு மொழியில் இயங்கும் சான்த்-ஜூஸ்தின். ரோயல் விக்டோரியா மலையடிவாரத்துப் பழைய கட்டடத்திலிருந்து 2015 ஏப்ரலில் க்ளெனுக்கு மாறியது. சில்ரன்ஸ் அடுத்த மாதமே வந்து சேர்ந்தது. பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வேறு ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டிய நிலை பெரும்பாலும் வராது என்பதே இத்தகைய இடத்தின் பெரிய பலன். ஆபத்துக் கூடிய கர்ப்பத்தை இங்கே 'கார்' (GARE) கிளினிக் என்று தனியாகப் பார்ப்பார்கள். அங்கே அனுப்பச் சொல்லி உங்கள் டொக்டரிடம் நீங்களே கேட்கலாம்.

மருத்துவம் சாராத காரணங்களும் உண்டு. முதற்பிள்ளையைப் பார்த்த டொக்டரே வேண்டும் என்பது ஒன்று. அம்மாவின் வீடு சென்ட் மேரிஸ் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, மூத்த பிள்ளையை இரவில் அங்கே விட்டுவிடலாம் என்பது இன்னொன்று. என் கணிப்பில் இந்த இரண்டாவது காரணத்துக்குப் பலர் கொடுக்கும் மதிப்பைவிடக் கூடுதல் மதிப்புக் கொடுக்க வேண்டும். நள்ளிரவில் வலி வரும்போது வீட்டில் தூங்கும் மூன்று வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான் பல வீடுகளில் உண்மையான சிக்கல்.

"அந்த ஆஸ்பத்திரி நல்லதாம், எல்லாரும் சொல்லினம்" என்பது மட்டுமே காரணமாக இருந்தால் ஒருமுறை நிதானியுங்கள். சிக்கலில்லாத கர்ப்பத்துக்கு லேக்ஷோர் போதுமானது. சென்-ஜான் வீதிக்கு அருகே, பொயின்ட்-கிளேரில், கர்க்லாண்டின் பெரும்பாலான வீடுகளிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் சேர்ந்துவிடலாம். ஆஸ்பத்திரியே வேண்டாம், அமைதியான இடம் போதும் என்பவர்களுக்கும் பக்கத்திலேயே வழி உண்டு. பொயின்ட்-கிளேரில் லாக்-சென்-லூயி பிரசவ இல்லம் இருக்கிறது. அங்கே பிரசவம் பார்ப்பவர்கள் மருத்துவச்சிகள். கியூபெக்கில் 1999 முதல் அவர்கள் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறையாளர்கள். அவர்களுடைய கட்டணத்தை மெடிகெயரே ஏற்கிறது. ஆனால் சிக்கலில்லாத கர்ப்பங்களை மட்டுமே எடுப்பார்கள். அங்கே இடங்கள் குறைவு என்பதால், கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியைப் பிடிக்க வேண்டுமானால் டொக்டரைப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஊரில் போல, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு டொக்டரை அவர்கள் தருவார்கள் என்று இங்கே எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு டொக்டரும் குறிப்பிட்ட ஓர் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்ப்பார். அவருடைய கிளினிக் எங்கே இருந்தாலும் பிள்ளை பிறக்கும் இடம் அந்த ஆஸ்பத்திரிதான். வெஸ்ட் ஐலண்டில் கிளினிக் வைத்திருப்பவர் சென்ட் மேரிஸில் பிரசவம் பார்க்கலாம். அப்படி ஒருவர் கிடைத்தால் மாதாந்தப் பரிசோதனைக்கு டவுன் வரை ஓட வேண்டியதில்லை. ஆகவே நீங்கள் விரும்பும் ஆஸ்பத்திரியின் மகப்பேற்றுப் பிரிவுக்கு அழைத்து, "இங்கே பிரசவம் பார்க்கும் எந்த டொக்டர்கள் புதிதாகக் கர்ப்பிணிகளை எடுக்கிறார்கள்? அவர்களில் வெஸ்ட் ஐலண்டில் கிளினிக் வைத்திருப்பவர் யாராவது உண்டா?" என்று கேளுங்கள்.

மாகாண அரசின் 'மா குரோசெஸ்' என்ற இணையச் சேவை ஒன்றும் இருக்கிறது. கர்ப்பம் தெரிந்ததும் அந்தப் படிவத்தை நிரப்பினால், டொக்டர் இல்லாதவர்களை ஒருவரிடம் சேர்த்துவிட உதவுவார்கள். படிவத்தை நிரப்பிவிட்டுக் காத்திருக்காமல், தொலைபேசியிலும் முயலுங்கள். இரண்டு மூன்று கிளினிக்குகளின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுப்பதில் தவறில்லை. ஓரிடத்தில் உறுதியானதும் மற்ற இடங்களுக்கு அழைத்துப் பெயரை எடுக்கச் சொல்லிவிடுங்கள். அந்த இடம் இன்னொரு பெண்ணுக்குக் கிடைக்கும்.

செயலாளரிடம் பேசும்போது இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: டொக்டர் எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறார்? வலி வரும் இரவில் அவரே வருவாரா, குழுவில் கடமையில் இருப்பவர் வருவாரா? குழுவில் பெண் டொக்டர்கள் எத்தனை பேர்? முன்பு சிசேரியன் ஆனவர் என்றால், இம்முறை சாதாரண பிரசவத்துக்கு முயல விடுவார்களா? எத்தனையாவது வாரம் வரை மாற்றலாகி வருபவர்களை எடுப்பார்கள்? இரண்டாவது கேள்வியின் பதில் பெரும்பாலும் "கடமையில் இருப்பவர்" என்றுதான் வரும். ஒரே ஒரு டொக்டருக்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்றால், அந்தப் பதிலைக் கேட்டபிறகு முடிவை மறுபடி எடைபோட வேண்டும்.

விரும்பிய டொக்டர் உடனே கிடைக்காவிட்டாலும் பரிசோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம். குடும்ப டொக்டரோ பக்கத்துக் கிளினிக்கோ முதல் மாதங்களைப் பார்க்கட்டும். கழுத்துப் பகுதியை அளக்கும் ஸ்கான் 11 முதல் 13 வாரத்துக்குள் எடுக்க வேண்டியது. அந்த நாட்கள் போனால் போனதுதான். உடலுறுப்புகளைப் பார்க்கும் ஸ்கான் 20 வாரத்தை ஒட்டி வரும். கர்ப்பகால நீரிழிவுப் பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள். தெற்காசியப் பெண்களுக்கு இந்த நீரிழிவு அதிகமாக வருகிறது என்பதால் இதை ஆஸ்பத்திரித் தெரிவோடும் சேர்த்து யோசியுங்கள். நீரிழிவு வந்துவிட்டால் உணவு ஆலோசகர், கூடுதல் ஸ்கான், அடிக்கடி பரிசோதனை என்று பயணங்கள் பெருகும். இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை என்று தொடங்கும் பரிசோதனை, கடைசி இரண்டு மாதங்களில் இரு வாரத்துக்கு ஒருமுறையாகி, 36 வாரத்துக்குப் பிறகு வாராவாரம் என்றாகிவிடும். வலி வரும் நாளின் ஒரே ஓட்டத்தை மட்டும் கணக்கில் எடுப்பது தவறு.

அட்டையும் காசும்

மெடிகெயர் அட்டை இருந்தால் எந்த வட்டார ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றாலும் பிரசவச் செலவு ஒன்றுதான். தனி அறை, இருவர் அறை கேட்டால் அதற்குக் கட்டணம் உண்டு. வேலையிடத்துக் காப்புறுதி கொடுக்குமா என்று முன்பே பாருங்கள். புதிதாகக் குடியேறி, மெடிகெயர் தொடங்கும் வரை காத்திருக்கும் மூன்று மாதத்துக்குள் இருந்தாலும், கர்ப்பமும் பிரசவமும் சார்ந்த சிகிச்சை அந்தக் காலத்திலும் இலவசம். இது தெரியாமல் பரிசோதனைக்கே போகாமல் வீட்டில் இருந்த பெண்கள் உண்டு. அகதிக் கோரிக்கை வைத்திருப்பவர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் பிரசவத்தை ஏற்கிறது. ஆனால் எல்லாக் கிளினிக்குகளும் அதில் சேர்ந்திருப்பதில்லை. அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். எந்தக் காப்பும் இல்லாதவர்களிடம் ஆஸ்பத்திரி முன்பணம் கேட்கும். தொகை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும் என்பதால் அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் தனித்தனி ஆஸ்பத்திரி அட்டை உண்டு. தூரத்து ஆஸ்பத்திரியின் அட்டையை முதற்பரிசோதனையின்போதே போட்டுவிடுங்கள். 30 வாரம் தாண்டியதும் லேக்ஷோரிலும் ஒன்று போட்டு வைப்பது புத்திசாலித்தனம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு பைல்

உங்கள் கர்ப்பக் கோப்பு டொக்டரின் கிளினிக்கிலும் நீங்கள் போகும் ஆஸ்பத்திரியிலும்தான் இருக்கும். வேறோர் ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் நிற்க நேர்ந்தால் அங்குள்ளவர்களுக்கு முழு விபரமும் உடனே கிடைக்காது. ஆகவே 28 வாரத்திலிருந்து ஒவ்வொரு பரிசோதனையின்போதும் பிரசவக் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் இரத்த வகை, ஸ்கான் அறிக்கைகள், நீரிழிவுப் பரிசோதனை முடிவு, 35 முதல் 37 வாரத்தில் எடுக்கும் ஸ்ட்ரெப் பி பரிசோதனை முடிவு எல்லாம் இருக்க வேண்டும். மருந்து ஒவ்வாமையைப் பெரிய எழுத்தில் முதற்பக்கத்தில் எழுதுங்கள். முன்பு ஊரிலோ இந்தியாவிலோ சிசேரியன் நடந்திருந்தால், அந்த ஆஸ்பத்திரியிலிருந்து சத்திரசிகிச்சைக் குறிப்பை எடுப்பிக்கப் பாருங்கள். கருப்பையை எந்தத் திசையில் வெட்டினார்கள் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். வயிற்றில் வெளியே தெரியும் தழும்பு அதைச் சொல்லாது.

பைல் கர்ப்பிணியின் கைப்பையில் இருக்கட்டும். கணவர் வேலைக்கு எடுத்துப்போகும் காரில் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் அது டொர்வாலில் நிற்கும்.

ஆங்கிலமோ பிரெஞ்சோ தயங்கிப் பேசுபவர் என்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே ஆஸ்பத்திரியிடம் சொல்லுங்கள். ஏற்பாடு செய்ய அவர்களுக்கு வழியுண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போது முதுகில் ஊசி போடுவதற்குச் சம்மதம் கேட்பார்கள். அதன் விளக்கத்தைப் பதினைந்து வயது மகளின் வாயால் கேட்க வேண்டிய நிலை அம்மாவுக்கும் மகளுக்கும் வரக்கூடாது.

வழி

கர்க்லாண்டிலிருந்து சென்ட் மேரிஸ், ஜூயிஷ் ஜெனரல், சான்த்-ஜூஸ்தின் மூன்றுக்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். சென்-சார்ள்ஸ் அல்லது சென்-ஜான் வீதியில் 40 கிழக்கில் ஏறி, டெக்காரியில் தெற்கே இறங்க வேண்டும். க்ளெனுக்கு 20 கிழக்குத்தான் நேர்வழி. டொர்வாலைக் கடந்து டியூர்கோ சந்திப்பு வரை வந்து டெக்காரி பக்கம் வெளியேறலாம். இரவு இரண்டு மணிக்கு அரை மணிக்குள் போய்ச் சேரக்கூடிய தூரம். அதே வழி காலை எட்டு மணிக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். பனி கொட்டும் பெப்ரவரிக் காலையில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே ஒத்திகை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு "இருபத்தைந்து நிமிஷம்தான்" என்று திருப்திப்படுவது ஒத்திகையாகாது. வார நாள் காலை ஏழரைக்கு வீட்டிலிருந்து கிளம்புங்கள். கார் ஓட்டப்போகிறவர் ஓட்ட, கர்ப்பிணி பக்கத்தில் இருக்கட்டும். 40 அடைத்துக்கொண்டால் எங்கே இறங்கி 20-ஐப் பிடிப்பது என்று அன்றே பழகுங்கள். போய்ச் சேர்ந்ததும் வேலை முடியவில்லை. இரவில் எந்த வாசல் திறந்திருக்கும், பிரசவப் பிரிவு எந்த மாடி, நேரே அங்கே போகலாமா அவசரப் பிரிவில் பதிந்துவிட்டுப் போக வேண்டுமா என்று பாதுகாப்பு ஊழியரிடம் கேளுங்கள். கார் தரிப்பிடத்தையும் பாருங்கள். கியூபெக் ஆஸ்பத்திரிகளில் முதல் 2 மணி நேரம் இலவசம். காசை மிச்சம் பிடிக்க கோட்-டெ-நேஜ் தெருவோரத்தில் காரை விட்டால், பனி அள்ளும் இரவில் செம்மஞ்சள் பலகை போட்டு இழுத்துப் போய்விடுவார்கள்.

பனிக்கால டயர் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம். நவம்பரிலேயே மாட்டிவிடுங்கள். 37 வாரத்துக்குப் பிறகு எரிபொருள் அரைத் தொட்டிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வீதி நிலவரத்துக்குக் கியூபெக் 511 இருக்கிறது.

கார் ஓட்டாத பெண்களுக்கு ஒரு விஷயம். பகல் நேரப் பரிசோதனைக்குக் க்ளென் போகிறவர்கள் பீக்கன்ஸ்ஃபீல்டில் வோத்ரெய்-ஹட்சன் ரயிலில் ஏறினால் வாந்தோமில் இறங்கலாம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வெளியே குளிரில் நடக்காமல் நிலத்தடி வழியாகவே போய்விடலாம். பிரசவ வலிக்கு ரயிலை நம்பக்கூடாது. இரவுக்குக் கார் வைத்திருக்கும் இரண்டு பேரிடம் முன்பே சொல்லி வைத்திருங்கள்.

லேக்ஷோரை ஏன் கைவிடக்கூடாது

தூரத்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி இரண்டாவது திட்டமாக இருந்தே ஆக வேண்டும். 911-ஐ அழைத்தால் அம்புலன்ஸ் உங்களை எங்கே கொண்டுபோவது என்பதை முடிவு செய்வது அம்புலன்ஸ்காரர்கள். உங்கள் டொக்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்பார்கள். ஆனால் பிள்ளை வரும் அவசரம் தெரிந்தால் அருகிலுள்ள தகுந்த இடத்துக்குத்தான் போவார்கள். அம்புலன்ஸ் செலவை மெடிகெயர் பொதுவாக ஏற்பதில்லை, வீட்டுக்குப் பில் வரும். அதற்குப் பயந்து யாரும் 911-ஐத் தவிர்க்க வேண்டாம்.

இந்த நிலைமைகளில் டவுன் பக்கம் போகும் யோசனையையே விட்டுவிட்டு 911-ஐ அழையுங்கள், அல்லது நேரே லேக்ஷோருக்குப் போங்கள்: இரத்தம் அதிகமாகப் போகிறது, முக்க வேண்டும் போலிருக்கிறது, பன்னீர்க்குடம் உடைந்து கொடி வெளியே தெரிகிறது, வலிப்பு வருகிறது. பனிப்புயல் எச்சரிக்கை உள்ள இரவில் வலி வேகமாக ஏறினாலும் அப்படித்தான். லேக்ஷோர் டொக்டர் உங்களை முன்பு பார்த்ததில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டார். நீங்கள் போட்டு வைத்த அட்டையும் கைப்பையில் இருக்கும் பைலும் அப்போதுதான் உதவும்.

வழியில் பிள்ளை வந்துவிட்டால் வேகத்தைக் கூட்ட வேண்டாம். வீதியோரம் நிறுத்தி, 911-ஐ அழைத்து, கடைசியாகக் கடந்த வெளியேறும் வழியின் எண்ணைச் சொல்லுங்கள். ஹீட்டரைக் கூட்டிப் பிள்ளையைத் துடைத்துத் தாயின் நெஞ்சோடு வைத்து இருவரையும் போர்த்துங்கள். கொடியை இழுக்கவோ வெட்டவோ கூடாது. இதற்காகவே இரண்டு பெரிய துவாய்கள் காரில் எப்போதும் கிடக்கட்டும்.

எப்போது கிளம்புவது

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி, ஒரு மணி நேரமாக வந்துகொண்டிருந்தால் புறப்படலாம் என்பது முதற்பிரசவத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அது பக்கத்தில் ஆஸ்பத்திரி இருப்பவர்களுக்குப் பொருந்தும். கர்க்லாண்டிலிருந்து டவுன் போகிறவர்கள் தங்கள் கணக்கு என்ன என்று டொக்டரிடமே கேளுங்கள். தூரத்தைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாம் மூன்றாம் பிரசவம் பெரும்பாலும் வேகமாக வரும், முதலாவதை நினைத்துக் காத்திருக்கக்கூடாது.

பிள்ளையின் அசைவு குறைந்துவிட்டது போலிருந்தால் படுத்துக் கவனித்து எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 6 அசைவு வராவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு. பன்னீர்க்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் அழையுங்கள். நீர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் உடனே கிளம்புங்கள். கடுமையான தலைவலியோடு கண் மங்கினாலும், 37 வாரத்துக்கு முன் ஒழுங்காக வலி வந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருந்துவிட வேண்டாம். சந்தேகம் என்றால் எந்த நேரமும் 811-இல் தாதி ஒருவர் பேசுவார். ஆனால் மேலே சொன்ன அறிகுறிகளுக்கு 811-ஐ அழைத்துக் காத்திருக்காதீர்கள், பிரசவப் பிரிவின் இலக்கத்தை நேரே அழையுங்கள்.

நாள் குறித்துச் செயற்கையாக வலி வரச் செய்ய இருந்தால், அன்று காலை கிளம்பும் முன் ஒருமுறை அழைத்துக் கேளுங்கள். பிரசவப் பிரிவு நிரம்பினால் நேரத்தைத் தள்ளுவார்கள். அந்தச் செய்தியை டெக்காரி நெரிசலில் இருந்துகொண்டு கேட்கத் தேவையில்லை.

அங்கே இருக்கும் நாட்கள்

சாதாரண பிரசவத்துக்கு ஒன்றிரண்டு நாள், சிசேரியனுக்கு இரண்டு மூன்று நாள். வெஸ்ட் ஐலண்டிலிருந்து ஒவ்வொரு வேளையும் சரக்குக் கறியும் சோறும் கொண்டுவருகிறேன் என்று மாமி கிளம்பினால், அந்த மூன்று நாளும் வீதியிலேயே போய்விடும். கோட்-டெ-நேஜில் உறவினர் இருந்தால் அந்தப் பொறுப்பை அவர்களுக்குக் கொடுங்கள். பிள்ளையின் கார் இருக்கையை 36 வாரத்திலேயே பின்நோக்கியபடி பொருத்திவிடுங்கள். வீடு திரும்பும் வழி பெரும்பகுதி நெடுஞ்சாலை. பிள்ளைக்குத் தடித்த பனிச்சட்டையைப் போட்டுப் பட்டி கட்டக்கூடாது. பட்டியை இறுக்கிவிட்டு மேலே போர்வையால் மூடுங்கள்.

வீடு வந்தபின்

பிள்ளை எங்கே பிறந்தாலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி, உங்கள் தபால் குறியீட்டுக்குரிய உள்ளூர்ச் சுகாதார நிலையமான சி.எல்.எஸ்.சி-யிலிருந்துதான் வருவார். கர்க்லாண்டுக்கு அது பொயின்ட்-கிளேரிலுள்ள லாக்-சென்-லூயி. பிரசவம் வேறு வட்டாரத்தில் நடந்திருந்தால், வீட்டுக்கு விடும் முன் தாதியிடம் "எங்கள் சி.எல்.எஸ்.சி-க்கு அறிவித்தாயிற்றா? எந்த விலாசம், எந்தத் தொலைபேசி இலக்கம் கொடுத்தீர்கள்?" என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மெடிகெயரில் இன்னும் கோட்-டெ-நேஜ் பழைய விலாசமே கிடந்தால் தாதி அந்தப் பழைய வாசலில் மணி அடிப்பார். அதைக் கர்ப்பகாலத்திலேயே மாற்றிவிடுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் யாரும் அழைக்காவிட்டால் நீங்களே அழையுங்கள். மஞ்சள் காமாலையும் பால் குடிப்பதும் அந்த நாட்களில்தான் பார்க்கப்பட வேண்டும்.

அம்மாவின் வீட்டில் முப்பத்தொன்று கழியும் வரை இருப்பதென்றால், அந்த விலாசத்தைக் கொடுத்து அந்தப் பகுதிச் சி.எல்.எஸ்.சி தாதி வருவாரா என்று ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள்.

பிறப்புப் பதிவை 30 நாளுக்குள் செய்ய வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டலைச் சான்றிதழில் எப்படி வர வேண்டுமோ அப்படியே எழுதிப் பாருங்கள். பிறகு மாற்றுவது நீண்ட வேலை. 21ஆம் நாள் பிள்ளையின் சிறுநீரை வடிதாளில் நனைத்து, காயவைத்து, ஆஸ்பத்திரியில் தந்த உறையிலேயே தபாலில் போடுங்கள். அரிய பிறவி நோய்களைக் கண்டுபிடிக்கும் இலவசப் பரிசோதனை அது. அந்த உறை பெரும்பாலும் வீட்டுக்கு வரும் தாள்களோடு மேசை மூலையில் கிடந்துவிடும். தேதியைக் கலண்டரில் குறித்துவிடுங்கள்.

பிள்ளையின் டொக்டரை மட்டும் தூரத்தில் தேடாதீர்கள். முதல் வருடம் முழுக்கத் தடுப்பூசிக்கும் நிறை பார்க்கவும் காய்ச்சலுக்கும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கர்க்லாண்டிலோ பொயின்ட்-கிளேரிலோ டொலார்டிலோ ஒரு கிளினிக்கைப் பிள்ளை பிறக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.